ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்தில் ஒரு தரைத்தள வீடு

எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு வெள்ளையாகவே இருக்காது. பாலீஷ் போட்டு வாங்கி வந்தால் மாதம் முடிவதற்குள் மங்கிவிடும், அடுத்த பண்டிகைக்குள் கறுத்துவிடும். பூஜை அறையில் இருக்கும் செம்புச் சொம்புக்கும் அதே கதிதான். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஓட்டேரி நல்லா’ என்கிற கால்வாய் ஓடுகிறது. சாக்கடைத் தண்ணீர் காற்றோட்டம் இல்லாமல் தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. அழுகின முட்டை வாடை அடிப்பது அதனால்தான். அது வெள்ளியையும் செம்பையும் தொட்டால் கறுப்புப் படலம் படியும்.

கொலுசு கறுத்தால் தேய்த்துக்கொள்ளலாம், ஏசியில்தான் பணம் போகும். செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து கேஸ் கசிந்துவிடும். எங்கள் வீட்டு முதல் ஏசி இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் தம்பி சொன்னார்: "கால்வா ஓரம்னா சும்மா காப்பர் காயில் நிக்காதுக்கா. மேல கோட்டிங் போட்டதா கேட்டு வாங்குங்க. வெளி யூனிட்டைப் பின்பக்கம் மாட்டாதீங்க, தெருப் பக்கம் மாட்டுங்க." அப்படியே செய்தோம். இப்போது இருப்பது தொந்தரவில்லாமல் ஓடுகிறது. கால்வாய் ஓரம் குடியிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காக: இந்தக் கால்வாய் சென்னையில் வில்லிவாக்கம் பக்கம் ஆரம்பித்து, அண்ணாநகர், அயனாவரம், கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று வளைந்து வந்து, பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. மொத்தமே பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் வழியில் இருந்த ஏரி, குளங்களின் உபரித் தண்ணீர் இதில்தான் இறங்கியதாம். அந்த நீர்நிலைகளில் பாதி இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. மேடவாக்கம் டேங்க் ரோட்டில் ரோடு இருக்கிறது, டேங்க் இல்லை. மழைத் தண்ணீர் தங்குவதற்கு இடம் போய்விட்டது, ஓடுவதற்கு இந்த ஒரு கால்வாய் மட்டும் மிச்சம்.

என் மாமனார் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் இரண்டையும் சேர்த்து ஊரில் பின்னி மில் என்றுதான் சொல்வார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் மில் மூடப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நான் மருமகளாக வந்தேன். அவரிடம் கால்வாயைப் பற்றிக் கேட்டால் மற்றவர்களைப் போல "அந்தக் காலத்துல கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்று சொல்லமாட்டார். "எப்பவும் கலங்கல்தாம்மா. ஆனா ஓடுச்சு. ஓடுற வரைக்கும் நாத்தம் இல்ல" என்பார். பழங்கதை கேட்டதில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒன்றுதான். கால்வாயை அழகு பண்ணுகிறேன், கரையில் ஓவியம் வரைகிறேன் என்று யாராவது வந்தால், ஓட வையுங்கள் முதலில் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றும்.

நாற்றமும் கொசுவும் மட்டும்தான் கால்வாய் என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலம் ஆனால் கரையோரச் சந்தில் கேரம் போர்டு போட்டுவிடுவார்கள், பவுடர் வாசனையில் கால்வாய் வாடை கொஞ்சம் அமுங்கும். மொட்டை மாடிகளில் புறாக்கூண்டு. பாலத்துக்குக் கீழே வக்கா என்கிற கொக்கு மாதிரிப் பறவை ஒன்று தோளைக் குறுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அந்தத் தண்ணீரில் அதற்கு என்ன கிடைக்கிறதோ. ஆடி மாதம் கரையோர அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதுதான் தெரு நிரம்பும். கரையிலேயே குடிசை போட்டு இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றிவிட்டார்கள். எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்துவந்த அக்கா பெரும்பாக்கம் போனபிறகும் கொஞ்சகாலம் விடியற்காலை பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். சென்னையின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி. பிறகு முடியாமல் நின்றுவிட்டார், ஆடிக்கு மட்டும் பிள்ளைகளோடு வந்துவிடுவார். அவர்கள் போனதால் கால்வாய் சுத்தமாகிவிட்டதா என்றால், இல்லை. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரை இணைத்த மாடி வீடுகளும் அபார்ட்மெண்டுகளும் அப்படியேதான் இருக்கின்றன. குடிசைக்காரர்களால்தான் கால்வாய் கெட்டது என்று பேசுகிறவர்களிடம், அவர்கள் வீட்டுக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

சரி, மழைக்கு வருவோம்.

2015 டிசம்பரில் ஊரே செம்பரம்பாக்கம் பற்றிப் பேசியது. அந்த ஏரித் தண்ணீர் போவது அடையாறுக்கு, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் பக்கம் வருவது வானத்திலிருந்து இங்கேயே விழுகிற தண்ணீர், அது வடிய வழியில்லாமல் நிற்பது. ஆகவே ஏரி திறப்புச் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்கள் தெருவுக்குப் பிரயோஜனம் இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு: எவ்வளவு நேரமாக விடாமல் பெய்கிறது, கடல் எந்த நிலையில் இருக்கிறது.

கடலா, புளியந்தோப்பிலா என்று சிரிக்காதீர்கள். எங்கள் கால்வாய் விழுகிற பக்கிங்காம் கால்வாய் ஒரு பக்கம் கூவத்தோடும் இன்னொரு பக்கம் எண்ணூர்க் கழிமுகத்தோடும் சேர்கிறது. இரண்டு வாயிலும் கடல் ஏற்றமாக இருந்தால் தண்ணீர் வெளியே போகாது. கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். 2021 நவம்பர் 6 ராத்திரி ஆரம்பித்துக் கொட்டியதே, நுங்கம்பாக்கத்தில் மறுநாள் காலைக்குள் 21 சென்டிமீட்டர், அது தீபாவளி அமாவாசை முடிந்த கையோடு வந்த மழை. பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் மூழ்கியதற்கு மழையின் அளவே போதும்தான். ஆனால் மழை விட்ட பிறகும் தண்ணீர் இறங்காமல் நின்றதற்குக் கடலையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் தினசரி காலண்டரில் அமாவாசையையும் பௌர்ணமியையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறேன்.

மழை வலுத்தால் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பாலத்துக்குப் போவேன். தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதைவிட, மேலே மிதக்கிற தெர்மோகோல் துண்டும் தண்ணீர் பாட்டிலும் என்ன செய்கின்றன என்பதுதான் முக்கியம். பேசின் பிரிட்ஜ் பக்கமாக வேகமாகப் போனால் வீட்டுக்கு வந்து சமையலைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று சுழன்றால் கீழே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நல்ல தண்ணீரைக் குடத்திலும் பக்கெட்டிலும் பிடித்து மேலே ஏற்றிவிடுவோம். வந்த வழியே திரும்பினால் சாமான் தூக்குகிற வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும். பாலத்தின் கண்ணில் பழைய சோபாவோ மெத்தையோ மாட்டியிருந்தால் அதையும் அப்போதே போட்டோ எடுத்து அனுப்புவேன். ராத்திரியில் டூ வீலரில் வந்து வீசிவிட்டுப் போகிறார்கள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கால்வாய் கரை உடைத்துக்கொண்டு பாய்ந்து வரும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி வருவது அபூர்வம். கால்வாய் ஏறியதும் அதில் திறக்கிற மழைநீர் வடிகால் வாய்கள் மூழ்கிவிடும். தண்ணீர் அந்த வடிகாலிலேயே எதிர்த்து ஏறித் தெருவுக்கு வரும். அடுத்து மேன்ஹோல் மூடி தூக்கும். ஆனால் தெருத் தண்ணீர் வாசல்படியைத் தொடுவதற்கு முன்பே வீட்டுக்குள் பாத்ரூம் வழியாக வந்துவிடும். எல்லோரும் வாசலில் மணல் மூட்டையை அடுக்கிக்கொண்டு நிற்பார்கள், பின்னால் ஹால் நனைந்துகொண்டிருக்கும்.

இது வருவதற்கு முன்னால் இரண்டு அறிகுறி உண்டு. ஒன்று, தரைத்தள டாய்லெட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும். இன்னொன்று கரப்பான். குழாய்க்குள் இருக்கிற கூட்டம் முழுக்க உயிருக்குப் பயந்து, பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்குகிற வாயான நாணி டிராப்பின் சல்லடை ஓட்டைகள் வழியாக மீசையை நீட்டி, ஒவ்வொன்றாக வெளியே வந்து சுவரில் ஏறும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஹிட் அடிக்க ஓடுவார்கள். ஹிட்டை விடுங்கள், ஓட்டையை அடையுங்கள்.

அடைப்பதற்கு நாங்கள் செய்வது: கெட்டியான பாலித்தீன் பையில் பாதியளவு மணல் போட்டு வாயைக் கட்டி, அதைப் பழைய லுங்கித் துணியில் சுற்றி, நாணி டிராப் மேல் வைத்து நன்றாக அழுத்த வேண்டும். மூட்டை இறுக்கமாக இருக்கக்கூடாது, தளர்வாக இருந்தால்தான் பள்ளத்தில் உட்காரும். அதன்மேல் தண்ணீர் நிரம்பின இருபது லிட்டர் கேனை ஏற்றி வைத்தால் அசையாது. இதே போலக் கொஞ்சம் பெரிய மூட்டை டாய்லெட் கோப்பைக்குள்ளும். மூட்டைகளைப் புரட்டாசியிலேயே கட்டி லாஃப்டில் போட்டுவிடுவேன். மழையில் மணல் தேடி அலைய முடியாது.

நிரந்தர வழி, வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெருக் குழாயில் சேர்வதற்கு முந்தின சேம்பரில் என்.ஆர்.வி. போடுவது. உள்ளேயிருந்து வெளியே விடும், வெளியேயிருந்து உள்ளே விடாத வால்வு. போட்டுவிட்டோம் என்று மறந்துவிடக் கூடாது. தலைமுடியும் நாப்கினும் மாட்டி அதன் மடல் திறந்தபடியே நின்றுவிடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பிளம்பரை வைத்துக் கழற்றிக் கழுவ வேண்டும். இன்னொரு விஷயம் பிளம்பர்களே சொல்வதில்லை: வால்வு மூடியிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் குடியிருக்கிறவர்கள் விவரம் தெரியாமல் ஃப்ளஷ் பண்ணினால் அத்தனையும் கீழ்வீட்டு பாத்ரூமில் பொங்கும். ஆகவே வால்வு போட்ட வீட்டில் மாடிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். எங்கள் மாடி வீட்டுப் பாட்டி முதலில் கோபித்துக்கொண்டார். "மழை பேஞ்சா நான் பாத்ரூம் போவக்கூடாதா?" என்று. நியாயமான கேள்விதான். மாடி டாய்லெட்டுக்குத் தனிக் குழாய் இழுத்து வால்வுக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டோம். அந்தக் குழாய்க்குத் தரைத்தளத்தில் எங்கும் வாய் கிடையாது. சண்டை தீர்ந்தது.

மற்றதெல்லாம் உயரக் கணக்கு. ஈ.பி. மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டும் செங்கல் அடுக்கின மேடையில்தான் வருஷம் முழுக்க நிற்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரி சுவர் ஸ்டாண்டில். தண்ணீர் உள்ளே வந்த பிறகு மெயின் ஸ்விட்சைத் தேடி நடக்கக் கூடாது, வரும் என்று தெரிந்ததுமே அணைத்துவிட வேண்டும். கேஸ் சிலிண்டர் மிதக்கும், நிறைந்த சிலிண்டரே மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டி வையுங்கள். வண்டிகளை மாலையிலேயே பெரம்பூர் மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடுவோம். அப்படியும் வண்டி நனைந்துவிட்டால், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவது செலவு குறைவு.

தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கும். ஒன்றரை அடி கட்டி உயர்த்தி, ரப்பர் வளையம் வைத்து மூடி போட வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாயைச் சாக்கடையில் விட்டிருந்தால் அதை முதலில் அடையுங்கள், சாக்கடை அந்த வழியாகவே திரும்பி வரும். வெள்ளம் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்கூட மோட்டாரைப் போடக்கூடாது. போட்டால் மேல்தொட்டியும் குழாய்களும் சேர்ந்து கெடும். சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் விட்டபிறகு பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது வழக்கமான கணக்கு, அதுவும் புது பவுடருக்கு. பிரித்து வைத்த பாக்கெட்டில் வீரியம் போய்விடும். தூளை அப்படியே கொட்டாமல் ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அதற்கப்புறமும் குடிக்க வேண்டியதைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

வடிகிற நேரத்தில் தூங்கிவிடக் கூடாது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கும்போதே தென்னந்துடைப்பத்தால் தரையைக் கலக்கிக் கலக்கி வெளியே தள்ள வேண்டும். வடிந்து, சேறு காய்ந்துவிட்டால் அது சிமெண்ட் பூசினது போல இறுகிவிடும், சுரண்டத்தான் வேண்டும். 2023 மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாத இருட்டில் மெழுகுவர்த்தியை ஜன்னலில் வைத்துக்கொண்டு நானும் என் மகளும் இந்த வேலையைத்தான் பார்த்தோம். காலில் பூட்ஸ் இல்லையென்றால் பாலித்தீன் பையையாவது கட்டிக்கொள்ளுங்கள். சேற்றுப்புண் ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் இன்னொரு பக்கம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கிற சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். வெள்ளத்தில் நின்றவர்களுக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், பாராசிட்டமாலோடு நிறுத்தாமல் டாக்டரிடம் "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்த வழியில் யோசிப்பார்.

கொசு விஷயத்தில் கால்வாய்க்காக நானே வக்காலத்து வாங்குவேன். ராத்திரி காதில் ரீங்காரம் போடுகிற கியூலெக்ஸ் கால்வாயில் வளர்வதுதான், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்கு கொசு ஏடிஸ் வேறு. அது பெரும்பாலும் நல்ல தண்ணீரில், ப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில், மாடியில் கிடக்கிற டயரில், பூந்தொட்டிக்கு அடியில் முட்டை போடும். தெருவில் டெங்கு வந்தால் கால்வாயைத் திட்டுவதற்கு முன்னால் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

புகார் கொடுப்பதில் நான் கற்றது, யாருடைய வேலை எது என்று தெரிந்து பேசுவது. கால்வாய் நீர்வளத் துறையுடையது. தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மேன்ஹோலும் கழிவுநீர்க் குழாயும் குடிநீர் வாரியத்துடையது. தெரியாமல் போனால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்கள், நாம் நடுவில் நிற்போம். மாநகராட்சியின் 1913-க்குப் போட்டால் புகார் எண் தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கால்வாய் நாறுது" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. "இந்தத் தெருமுனைப் பாலத்தின் இடது கண்ணில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது" என்று போட்டோவோடு சொன்னால் ஆள் வருகிறார். அதையும் ஆவணியில் செய்ய வேண்டும். ஐப்பசியில் எல்லோரும் கூப்பிடும்போது யாருக்கும் வரமாட்டார்கள்.

ரோபோ எந்திரம் இறங்கித் தூர்வாரும்போது தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு அதைவிட, வாரின சேற்றை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கண். ஒரு வருஷம் ஒப்பந்தக்காரர் கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போனார், முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே இறங்கியது. அடுத்த தடவை தெருப் பெண்கள் சேர்ந்து நின்று, லாரி வந்து அள்ளும் வரை எந்திரத்தை நகர விடவில்லை. அதே மாதிரி ரோடு போட வந்தால் பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், மில்லிங் என்பார்கள். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதை வலியுறுத்தி உத்தரவே போட்டார். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது வாசலில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் வந்தாராம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வருகிறோம். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு, அங்கே வாடகைக்கு வரலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். முதல் மாடி என்றால் தாராளமாக வாருங்கள். வாடகை குறைவு, பஸ், ரயில் எல்லாம் பக்கம், கறிக்கு, ஆடு அறுக்கிற இடமான ஆட்டுத்தொட்டி பக்கம். தரைத்தளம் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள், 2021-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று. பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைப் பாருங்கள், புதுப் பெயிண்டுக்கு அடியிலும் உப்புப் பூத்த கோடு தெரியும். பாத்ரூம் தரை தெரு மேன்ஹோல் மூடியைவிட உயரமா தாழ்வா என்று கண்ணால் ஒரு தடவை மட்டம் பாருங்கள். தாழ்வாக இருந்தால் என்.ஆர்.வி. போட்டுத் தரச் சொல்லி, அதை அக்ரிமெண்டில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.